சோலார் பேனலின் கண்ணாடி யார் பொறுப்பு?

உங்கள் கிணற்றுமேட்டில் 5 குதிரைத்திறன் சோலார் பம்ப்செட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 4,800 வாட் பேனல் தேவை. 330 வாட் பேனல் என்றால் 15 பேனல்கள். ஒரு பேனல் 22 கிலோ அளவில் இருக்கும். மொத்தம் 330 கிலோ. இந்த 330 கிலோவில் கண்ணாடி மட்டும் எவ்வளவு தெரியுமா? பேனலின் முகப்புக் கண்ணாடி 3.2 மில்லிமீட்டர் தடிமன். அந்தத் தடிமனில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 8 கிலோ எடை இருக்கும். ஒரு பேனல் ஏறக்குறைய 2 சதுர மீட்டர். ஆக, 15 பேனலில் 230 கிலோவுக்குக் குறையாமல் கண்ணாடி இருக்கிறது.

இந்தக் கண்ணாடியைப் பற்றி இதுவரை யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். மானியம் எவ்வளவு, எத்தனை அடி ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும், ஐந்து ஆண்டு பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையெல்லாம் பேசியிருப்பார்கள். பேனல் பழுதானால், காலம் முடிந்தால், புயலில் சாய்ந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்திலும் இல்லை, பயிற்சி முகாமிலும் இல்லை.

ஒரு பழைய இரும்புக் கடைக்காரரிடம் உடைந்த பேனலைக் காட்டிப் பாருங்கள். சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்துக்கு விலை சொல்வார். பின்பக்கம் இருக்கும் பெட்டியையும் அதிலிருந்து வரும் செம்பு வயரையும் எடுத்துக்கொள்வார். மீதியை? "அதை நீங்களே வச்சிக்கங்க" என்பார். அவர் விட்டுப்போகும் அந்த மீதிதான் பேனலின் எடையில் பெரும்பங்கு. வரப்போரத்திலோ, பாழுங்கிணற்றிலோ, ஓடைக்கரையிலோதான் அது போய்ச் சேரும்.

இதில் கடைக்காரரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. விலை இருப்பதை எடுக்கிறார், இல்லாததை விடுகிறார். நல்ல கண்ணாடிக்கு ஏன் விலை இல்லாமல் போனது என்பதைப் புரிந்துகொண்டால்தான், விவசாயிகளாகிய நாம் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

சாதாரணக் கண்ணாடி அல்ல

பேனலில் இருப்பது ஜன்னல் கண்ணாடி மாதிரிதானே என்று தோன்றும். ஒரு ஜன்னல் கண்ணாடியை எடுத்து அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். பச்சையாகத் தெரியும். மணலில் இருக்கும் இரும்புதான் அந்தப் பச்சைக்குக் காரணம். அந்த இரும்பு வெயிலின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். அதனால் சோலார் கண்ணாடிக்கு இரும்பு மிகமிகக் குறைவாக உள்ள வெள்ளை மணலைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இரும்பு ஆக்சைடு இருக்கலாம் என்றால், சோலார் கண்ணாடியில் அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஆற்றிலோ ஏரியிலோ அள்ளும் மணல் எதற்கும் உதவாது. நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும் இந்தக் கண்ணாடி, உலகில் பெரிய அளவில் தயாராகும் கண்ணாடிகளிலேயே தூய்மையான ரகங்களில் ஒன்று.

அந்த மணலோடு சோடாச் சாம்பல், சுண்ணாம்புக்கல், டோலமைட் சேர்த்து 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்குகிறார்கள். பிறகு அதைச் சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து 'டெம்பர்' செய்கிறார்கள். ஆலங்கட்டி மழையைத் தாங்கும் வலு அதனால்தான் வருகிறது. ஒரு மூலையில் அடிபட்டால் முழுக் கண்ணாடியும் சிறு சிறு துணுக்காக நொறுங்குவதும் அதனால்தான். டெம்பர் செய்த கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. பழைய பேனலின் கண்ணாடியை வெட்டி ஜன்னலுக்குப் போடலாமே என்ற யோசனை நடக்காமல் போவது இதனால்.

ஆனால், உருக்கலாம். கண்ணாடியின் சிறப்பே அதுதான்: எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. உலையில் பழைய கண்ணாடியை 10 சதவீதம் சேர்த்தால் எரிபொருள் 2.5 முதல் 3 சதவீதம் வரை மிச்சமாகும். ஒரு டன் பழைய கண்ணாடி, சுமார் 1.2 டன் புது மூலப்பொருளுக்கு ஈடு. சுண்ணாம்புக்கல்லும் சோடாச் சாம்பலும் உலையில் விடும் கரியமில வாயுவும் அந்த அளவுக்குக் குறையும். கணக்குப்படி பார்த்தால் கண்ணாடி ஆலைகள் உங்கள் தோட்டத்துக்கே லாரி அனுப்ப வேண்டும். அனுப்பாததற்குக் காரணம் இருக்கிறது.

அவித்த முட்டையும் ஆன்டிமனியும்

முதல் காரணம் பசை. பேனலை ஒரு அடுக்குச் சட்டி போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலே கண்ணாடி, அதன் கீழே 'ஈ.வி.ஏ.' என்ற பிளாஸ்டிக் படலம், அதன் கீழே சிலிக்கான் செல்கள், மீண்டும் ஒரு ஈ.வி.ஏ. படலம், கடைசியில் பின்தாள். இவற்றை வெற்றிடத்தில் வைத்து ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் அழுத்தும்போது, ஈ.வி.ஏ. உருகிப் பரவுவதோடு நிற்பதில்லை. அதன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடுகின்றன. அவித்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாது அல்லவா? அதேபோல இந்தப் பசையைத் திரும்பச் சூடேற்றினாலும் உருகி விலகாது. இருபத்தைந்து ஆண்டு மழையிலும் வெயிலிலும் நீர் புகாமல் காக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். பிரிப்பதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இதனால் எளிய வழி என்று பலரும் செய்வது, முழுப் பேனலையும் அரவை இயந்திரத்தில் போட்டு நொறுக்குவது. நொறுக்கியபின் கிடைப்பது கண்ணாடி, பிளாஸ்டிக், சிலிக்கான், செம்புக் கம்பி, ஈயம் கலந்த பற்று எல்லாம் சேர்ந்த கலவை. சல்லடையில் எவ்வளவுதான் சலித்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். கண்ணாடி உலைக்கு இந்தக் 'கொஞ்சம்'தான் எமன். பிளாஸ்டிக் கரியாகி உலைக் குழம்பின் நிறத்தைக் கெடுக்கும், குமிழ் விடும். சட்டத்திலிருந்து ஒரு அலுமினியத் துணுக்கு தப்பி உள்ளே போனால் அது மணலோடு வினைபுரிந்து சிறு சிலிக்கான் மணியாக மாறும். மிளகைவிடச் சிறிய அந்த மணி உலைச் சூட்டில் கண்ணாடியோடு கரையாது. கண்ணாடி குளிரும்போது ஒரு அளவிலும் சிலிக்கான் வேறு அளவிலும் சுருங்குவதால், அந்த மணியைச் சுற்றி விரிசல் விழும். ஒரு டன் கண்ணாடியில் இப்படிச் சில மணிகள் இருந்தாலே ஆலைக்கு நஷ்டம். நெல் மூட்டையில் கல் கலந்தால் வியாபாரி என்ன செய்வாரோ அதைத்தான் கண்ணாடி ஆலையும் செய்கிறது. விலையைக் குறைக்கும், அல்லது வாங்கவே மறுக்கும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்கே தெரியாதது. சோலார் கண்ணாடி உருகும்போது குமிழ்களை வெளியேற்றவும், மிச்சமிருக்கும் இரும்பின் பச்சையைக் குறைக்கவும் 'ஆன்டிமனி' என்ற உலோகத்தின் ஆக்சைடைச் சேர்ப்பது பல ஆலைகளின் வழக்கம். ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை இருக்கும். பேனலில் இருக்கும்வரை அது கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கும், தொல்லை இல்லை. ஆனால், பழைய கண்ணாடியாக மற்றொரு உலைக்குப் போகும்போதுதான் சிக்கல். ஜன்னல், கார் கண்ணாடிகளைத் தயாரிக்கும் பெரிய ஆலைகள், உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குகின்றன. 'ஃப்ளோட்' முறை என்பது அதுதான். ஆன்டிமனி அந்த வெள்ளீயத் தொட்டியில் வினைபுரிந்து கண்ணாடியின் முகத்தை மங்கச் செய்துவிடும். எனவே அந்த ஆலைகளுக்கு ஆன்டிமனி கலந்த கண்ணாடி ஆகாது. 2000-ம் ஆண்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் இயங்கும் செயின்ட் கோபைன் ஆலை இந்த ஃப்ளோட் வகையைச் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டிலேயே பெரிய கண்ணாடி உலை இருந்தும், நம் தோட்டத்துப் பேனல் கண்ணாடிக்கு அது எளிதில் புகலிடம் ஆகாது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. குஜராத்தில் சோலார் கண்ணாடி தயாரிக்கும் போரோசில் ரினியூவபிள்ஸ் நிறுவனம் ஆன்டிமனி சேர்க்காத கண்ணாடியைத் தயாரித்து விற்கிறது. ஆக, ஆன்டிமனி இல்லாமலும் பேனல் செய்யலாம். செய்தால் பிற்காலத்தில் அந்தக் கண்ணாடியை எந்த உலைக்கு அனுப்புவது என்ற தலைவலி பெரிதும் குறையும். ஆனால், உங்கள் பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். வாட், வோல்ட், ஆம்பியர் இருக்கும். கண்ணாடியில் ஆன்டிமனி இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரி இல்லாததால், பத்து ஆண்டு கழித்து நல்ல கண்ணாடியும் மற்றக் கண்ணாடியும் ஒரே குவியலில் சேரும். சேர்ந்த பிறகு முழுக் குவியலும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

நொறுக்காமல் பிரிக்க முடியுமா?

முடியும். ஜப்பானின் என்.பி.சி. நிறுவனம் செய்யும் இயந்திரத்தில் 300 டிகிரிக்குச் சூடேற்றிய ஒரு நீண்ட கத்தி, கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே நுழைந்து, தோசைக் கல்லிலிருந்து தோசையைத் திருப்பி எடுப்பது போலக் கண்ணாடியை முழுசாகப் பிரித்தெடுக்கிறது. கண்ணாடி நொறுங்காததால் செல்லும் கம்பியும் அதில் கலப்பதில்லை. இன்னொரு வழி, காற்றுப் புகாத சூளையில் ஏறத்தாழ 500 டிகிரியில் பசையை ஆவியாக்கிவிடுவது. அதில் பின்தாளில் ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக் இருந்தால் நச்சு வாயு வரும். அதைப் பிடித்துச் சுத்திகரிக்கும் வசதி வேண்டும். (வயலில் பேனலைக் கொளுத்தினால் பசை போய்விடும், செம்பை எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.)

கவனியுங்கள்: சூடான கத்திக்குப் பேனலின் கண்ணாடி உடையாமல் வந்து சேர வேண்டும். நொறுங்கிய பேனலைக் கத்தியால் ஒழுங்காகச் சீவ முடியாது. ஆக, மறுசுழற்சி ஆலையில் என்ன நடக்கும் என்பது ஆலையில் முடிவாவதில்லை. உங்கள் தோட்டத்தில் பேனலைக் கழற்றும்போது, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றும்போது, அது முடிவாகிவிடுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் அருகே 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை வேறு வகைப் பேனலைச் செய்கிறது. சிலிக்கானுக்குப் பதில் காட்மியம் டெலுரைடு பூசிய கண்ணாடி. நம் பம்ப்செட்டுகளில் வருவது பெரும்பாலும் அந்த வகை இல்லை. இருந்தாலும் அந்த நிறுவனத்திடம் கற்க ஒன்று உண்டு. தான் விற்ற பேனல்களைத் திரும்பப் பெற்றுப் பிரிக்கும் வேலையை அது பல ஆண்டுகளாகத் தானே செய்துவருகிறது. என்ன மணல், என்ன கலவை, என்ன பசை என்பதெல்லாம் தயாரித்தவருக்குத் தெரியும். தெரிந்தவர் கையில் திரும்பப் போனால் கண்ணாடி கண்ணாடியாகவே பிழைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022-ம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதில் சோலார் பேனலும் சேர்க்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். தயாரிப்பாளர்கள் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், 2034-35 வரை உருவாகும் பேனல் கழிவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்படி சேமித்து வைக்க வேண்டும், ஆண்டறிக்கை தர வேண்டும் என்கின்றன விதிகள். டி.வி., ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு மறுசுழற்சி செய்தாக வேண்டும் என்று இலக்கு இருப்பது போல, சோலார் பேனலுக்கு இல்லை.

பெரிய சோலார் பூங்காவுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தும். கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்தில் 25 லட்சம் பேனல்கள் ஒரே இடத்தில், ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. கழிவானால் யாரைக் கேட்பது என்று தெரியும். ஆனால், பம்ப்செட் அப்படியல்ல. ஒரு ஒன்றியத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது. பேனல் செய்தவர் ஒருவர், பம்ப்செட் அமைத்துக் கொடுத்தவர் வேறொருவர், மானியம் கொடுத்தது அரசு, பெயர் விவசாயியின் பெயர். ஐந்தாண்டுப் பராமரிப்பு முடிந்தபின் அமைத்துக் கொடுத்த நிறுவனம் அதே தொலைபேசி எண்ணில் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அப்படியிருக்க, இருபதாவது ஆண்டில் அது வந்து உடைந்த பேனலை எடுத்துச்செல்லும் என்று எப்படி நம்புவது?

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சி.இ.இ.டபிள்யூ. ஆய்வு அமைப்பும் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2030-க்குள் இந்தியாவில் சேரும் சோலார் கழிவு மொத்தம் 6 லட்சம் டன் அளவில் இருக்கும். பெரும்பங்கு ஐந்து மாநிலங்களிலிருந்து வரும். அதில் தமிழ்நாடும் ஒன்று. முக்கால் பங்குக்கு அருகில் கண்ணாடி என்றால் 4 லட்சம் டன்னுக்கு மேல் கண்ணாடி. பேனல் 25 ஆண்டு உழைக்கும், இப்போதே ஏன் கவலை என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாப் பேனலும் 25 ஆண்டு உழைப்பதில்லை. தேங்காய் விழுகிறது. களை வெட்டும் இயந்திரம் கல்லைத் தெறிக்கவிடுகிறது. குரங்கு ஏறிக் குதிக்கிறது. 2018-ல் டெல்டாவைப் புரட்டிப்போட்ட கஜா போல ஒரு புயல் இன்று வந்தால், ஒரே இரவில் எத்தனை கிணற்றுமேடுகளில் பேனல் சிதறும் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை மறுநாள் எங்கே கொண்டுபோவோம்?

ஐரோப்பாவைப் பார்த்து ஒரு எச்சரிக்கையும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே 2012-லேயே பேனல் கழிவுக்குச் சட்டம் வந்துவிட்டது. இன்று அங்கே பேனல் எடையில் 85 சதவீதத்தை மீட்டாக வேண்டும், 80 சதவீதத்தை மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ தயார்செய்ய வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், எடைக் கணக்கு என்பதால் கண்ணாடியையும் அலுமினியத்தையும் எடுத்தாலே இலக்கை எட்டிவிடலாம். அந்தக் கண்ணாடி தூய பேனல் கண்ணாடியாகத் திரும்ப வந்ததா, கட்டிடத்துக்கான பஞ்சுக் காப்பாகவோ நுரைக் கண்ணாடியாகவோ தரம் இறங்கிப் போனதா என்று எடை கேட்பதில்லை. நம் நாட்டில் விதி எழுதும்போது எடையை மட்டும் எழுதினால் இதே கதைதான் நடக்கும்.

என்ன கேட்க வேண்டும்?

சந்தை தானாக இதைச் செய்யாது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். பழைய பேட்டரியைக் கொடுத்தால் புது பேட்டரியில் விலை கழிக்கிறார்கள். ஈயத்துக்கு விலை இருக்கிறது. பழைய சொட்டுநீர்க் குழாயை எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு ஓரளவு விலை இருக்கிறது. உடைந்த கண்ணாடிக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கிடைப்பதே பெரிது. 230 கிலோ கண்ணாடியை விற்றால் வரும் காசு, அதை ஏற்றிச்செல்லும் வண்டி வாடகைக்குப் போதாது. விலை இல்லாத பொருள் நிலத்தில் என்ன ஆகும் என்பதற்கு நிலப்போர்வைத் தாளே சாட்சி. தர்பூசணி அறுவடை முடிந்த நிலத்தில் உழவு ஓட்டும்போது கறுப்புத் தாளின் கிழிசல் இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது. கண்ணாடித் துணுக்கு அதைவிட மோசம். மட்காது, கண்ணில் படாது, வெறுங்காலோடு நாற்று நடும் பெண்களின் பாதத்தில்தான் முதலில் தெரியவரும்.

ஆகவே இந்தச் செலவை வாங்கும்போதே சேர்த்துவிடுவதுதான் நேர்மையான வழி. சோலார் பம்ப்செட்டுக்குத் தமிழ்நாட்டில் விலையில் பெரும்பகுதியை மத்திய, மாநில அரசுகள் மானியமாகத் தருகின்றன. பேனலை உண்மையில் வாங்குவது அரசின் ஒப்பந்தப்புள்ளிதான். அந்த ஒப்பந்தப்புள்ளியில் மூன்று வரி சேர்த்தால் போதும் என்பது என் கருத்து. பேனல் செய்த நிறுவனமே அதன் ஆயுள் முடிவில் திரும்பப் பெற வேண்டும். அதற்கான தொகையை முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டிவிட வேண்டும், நிறுவனம் மூடிப்போனாலும் பணம் இருக்கும். கண்ணாடியில் ஆன்டிமனி உண்டா இல்லையா என்பதைப் பேனலிலேயே பதிய வேண்டும். பேனலில் தயாரிப்பு விவரங்களைச் சொல்லும் மின்னணுச் சில்லு ஏற்கெனவே கட்டாயமாக இருக்கிறது. அதில் இந்த ஒரு விவரம் சேர்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை.

திரும்பப் பெறும் இடம் விவசாயிக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேளாண் பொறியியல் துறைக்கு உதவி செயற்பொறியாளர் அலுவலகங்கள் கோட்ட அளவில் இருக்கின்றன. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வாடகைக்கு விடும் அதே துறைதான். அந்த வளாகங்களில் கூரை போட்ட ஒரு கொட்டகையும், பேனலை நிமிர்த்தி அடுக்க மரச்சட்டமும் இருந்தால் முழுப் பேனல்கள் உடையாமல் சேரும். நூறு பேனல் சேர்ந்ததும் ஒரு லாரி. சிதறிக் கிடக்கும் 15 பேனலுக்குக் கட்டுபடியாகாத வாடகை, சேர்த்து ஏற்றும்போது கட்டுபடியாகும். பால் சொசைட்டி இல்லாமல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு லிட்டரையும் நகரத்துக்குக் கொண்டுபோக முடிந்திருக்குமா?

இந்தப் பழைய கண்ணாடியை அரைத்து வேளாண்மையிலேயே பயன்படுத்தலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். சொட்டுநீர் அமைப்பின் மணல் வடிகட்டியில் மணலுக்குப் பதில் அரைத்த கண்ணாடியைப் போடும் வழக்கம் வெளிநாடுகளில் நீச்சல் குளங்களில் இருக்கிறது. பாட்டில் கண்ணாடிக்கு அது பொருந்தும். ஈயப் பற்றும் பசையும் ஒட்டிய பேனல் கண்ணாடியைப் பரிசோதிக்காமல் பாசன நீரில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அதுபோகட்டும், தேடிப்பிடித்த வெள்ளை மணலில் செய்த கண்ணாடியை வடிகட்டி மணலாக்குவது, சீரகச் சம்பாவைக் கோழித் தீவனமாக்குவது மாதிரி.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியவை

அரசு கொட்டகை போடும்வரை காத்திருக்கும் நேரத்தில், கண்ணாடியைக் காப்பதே பெரிய வேலை. கண்ணாடியின் மேல் வெளிச்சம் எதிரொளிக்காமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சாம்பல், தேங்காய் நார், இரும்பு நார் எதுவும் கூடாது. மென்மையான துணியோ பஞ்சுத் துடைப்பமோ போதும். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரைத் தெளித்து அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படிவு பிடித்துக்கொள்ளும், பிறகு தேய்த்துத்தான் எடுக்க வேண்டிவரும். மழைநீரோ வாய்க்கால் தண்ணீரோ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பாய்ச்சாதீர்கள். விடிகாலை நல்லது, அப்போது மின்சாரமும் குறைவாக ஓடும். தென்னை இருக்கும் தோட்டமென்றால், பேனலுக்கு மேலே நீளும் மட்டைகளையும் முற்றிய குலைகளையும் பருவம் தவறாமல் இறக்கிவிடுங்கள்.

ஒரு பேனல் விரிசல் விட்டால், சட்டத்தைக் கழற்றி விற்க அவசரப்படாதீர்கள். அலுமினியத்துக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காகச் சட்டத்தை நெம்பும்போதுதான் கண்ணாடி முழுதும் பொடியாகிறது. சட்டத்தோடு இருக்கும் பேனலை ஒரு ஆள் நிமிர்த்திப் பிடித்து ஓரமாகச் சாய்த்துவைக்கலாம். மழைநீர் தேங்காத இடத்தில், கண்ணாடி முகம் சுவரைப் பார்த்தபடி, மேலே தார்ப்பாய் மூடி வையுங்கள். உடைந்த பேனலும் வெயிலில் மின்சாரம் தரும் என்பதை மறக்கக் கூடாது. வரிசையாக இணைத்த 15 பேனலில் 600 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். டி.சி. மின்சாரம் பிடித்தால் விடாது. கழற்றுவதை அமைத்துக் கொடுத்தவர்களின் ஆளிடமோ தெரிந்த எலெக்ட்ரீஷியனிடமோ விடுங்கள். ஆட்டுக் கொட்டகைக் கூரைக்குப் பழைய பேனல் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள், முதலில் வயர் முனைகளை மூடி டேப் சுற்றுங்கள்.

இன்றே செய்யக்கூடியது இன்னொன்று. பேனலின் பின்பக்கச் சீட்டு வெயிலில் வெளுக்கும் முன், ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் தெரிகிறதா என்று பாருங்கள். மானிய உத்தரவின் நகலோடும் பில்லோடும் சேர்த்து வையுங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பேனலை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று ஆட்சியரிடமே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.